வளைந்த பாறையும் தெளிந்த படமும்

அருமனைக் கடைத்தெருவில், நான் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த நாளில், முடிதிருத்தும் நிலையம் ஒன்று இருந்தது. அதன் சுவரில் பழைய நிலைக்கண்ணாடி ஒன்றைப் பதித்திருந்தார்கள். அதன் எதிரே அமர்ந்தவர் முகம் சற்றே நீண்டு, தாடை ஒருபுறம் இழுத்தாற்போலத் தெரியும். புதிதாக வந்த ஒருவர் தம் முகத்தைக் கண்டு திடுக்கிட்டு, நோய் ஏதும் வந்துவிட்டதோ என்று கேட்டார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, கண்ணாடிக்குள் தெரிந்த வாசல் நிலையைச் சுட்டிக் காட்டினார். அதுவும் வில்லைப்போல வளைந்து தெரிந்தது. தச்சன் நேராக இழைத்த நிலை அது; ஆகையால் கோணல் கண்ணாடியுடையது, முகத்தினுடையது அன்று. வந்தவர் அமைதியாகத் தலையைக் கொடுத்தார்.

மாணவ நேயர்களே, அந்த வாசல் நிலையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அது இல்லாத ஓர் இடத்தில் முகத்தின் கோணல் எது, கண்ணாடியின் கோணல் எது என்று எவ்வாறு பிரித்தறிவது? இன்றைய பேச்சின் பொருள் இதுவே. அந்த இடம் பூமியின் உட்புறம்.

எங்கள் ஊர்ப்பக்கம் ரப்பர் மரங்களின் வேர் பற்றியிருப்பது செம்மண்ணையும் வெட்டுக்கல்லையும். அதற்கும் கீழே போனால் கருங்கல். கிணறு வெட்டுகிறவர்கள் அதுவரை அறிவார்கள்; அதற்கப்பால் அறிய அவர்களுக்குத் தேவை இல்லை. ஆயினும் கல்லைத் தட்டிக் கேட்கும் வித்தை நம் மாவட்டத்தில் பழையது. மயிலாடிச் சிற்பிகள் உளி வைப்பதற்கு முன்னர்க் கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் கல் முழுமையானது; மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் ஓடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததைக் காதால் காண்பதே அது. பூமியைத் தட்டிக் கேட்கும் நில அதிர்வு ஆராய்ச்சியும் அடிப்படையில் அவ்வளவே.

எதிரொலியைப் பற்றி உங்களுக்குப் பாடநூல் சொல்லியிருக்கும். அருமனையிலிருந்து சிறிது தொலைவில், பறளியாற்றின் குறுக்கே, மாத்தூர்த் தொட்டிப்பாலம் நிற்கிறது. 1966-இல் கட்டி முடிந்தது. அதன் உயர்ந்த தூண் ஒன்றுக்கு 34 மீட்டர் எதிரே நின்று கைதட்டினால், ஒலி சென்று மீள ஐந்தில் ஒரு விநாடி ஆகும். காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது என்பதை நாம் முன்னமே அறிந்திருப்பதால், காலத்தை அளந்து தூரத்தைச் சொல்லிவிடுகிறோம். வேகம் தெரியாதிருந்தால்? காலம் மட்டும் கையில் இருக்கும். தூண் எங்கே நிற்கிறதென்று சொல்ல இயலாது.

1921-ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஓக்லஹோமா மாநிலத்தின் ஆர்பக்கிள் மலைப்பகுதியில், ஜான் கார்ச்சர் என்பவரும் அவருடைய தோழர்களும் தரையில் வெடி வைத்து, பாறை அடுக்குகளிலிருந்து மீண்ட எதிரொலியைப் பதிவு செய்து, அடுக்குகளின் ஆழத்தை வரைந்து காட்டினார்கள். அன்று தொடங்கிய முறை இன்றும் வழங்குகிறது. வெடி வைத்தோ, கனத்த அதிர்வு வண்டிகளை நிறுத்தியோ, கடலில் அழுத்தக் காற்றைத் திடீரென விடுவித்தோ அலையை எழுப்புகிறார்கள். ஜியோபோன் என்னும் சிறு கருவிகள், தரையில் வரிசையாக ஊன்றி வைக்கப்பட்டு, மீண்டு வரும் நடுக்கத்தைக் கேட்கின்றன.

நம் நாட்டில் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் 1956-இல் தோன்றியது. காவிரிப் படுகையில் தேடுதல் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே தொடங்கி, 1964-இல் காரைக்காலில் ஆழ்கிணறு இறக்கப்பட்டது. வயலும் வாய்க்காலுமாகத் தட்டையாகக் கிடக்கும் தஞ்சை மண்ணுக்குக் கீழே நிலம் தட்டையாக இல்லை. பழம்பாறை சில இடங்களில் முதுகெலும்புபோல எழுந்தும், சில இடங்களில் ஆழ்ந்து பள்ளமாயும் கிடக்கிறது. கும்பகோணம், மாதானம் வழியாக ஓடும் மேடும், காரைக்கால் மேடும் நூல்களில் பெயர் பெற்றவை. அம்மேடுகளின் மேல், கட்டிலில் விரித்த போர்வைபோலப் படிவுப் பாறைகள் வளைந்து படிந்துள்ளன. எண்ணெயும் வாயுவும் இலேசானவை. மேலேறி, கவிழ்த்த கிண்ணம்போன்ற வளைவின் உச்சியில் தங்கும். ஆகவே தேடுகிறவர் வேண்டுவது வளைவையே என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். (2020-இல் தமிழ்நாடு அரசு காவிரி வடிநிலத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றி, அங்கே புதிதாக எண்ணெய் தேடுவதற்குத் தடை விதித்தது. அந்த விவாதம் நம் பொருள் அன்று. பாறையைப் படமெடுக்கும் கணக்கு எவ்விடத்துக்கும் ஒன்றே.)

எண்ணெய் இல்லாத எங்கள் பக்கத்தையும் இந்த ஆராய்ச்சி விட்டுவைக்கவில்லை. 1961-இல் நிறுவப்பட்டு ஹைதராபாத்தில் இயங்கும் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் 2005-இல், வத்தலக்குண்டிலிருந்து கன்னியாகுமரி வரை 220 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆழ்ந்த நில அதிர்வுச் சோதனை நடத்தினார்கள். அச்சன்கோவில் பிளவு மண்டலம் போன்ற பழந்தழும்புகளைக் கடந்து அந்தக் கோடு தெற்கே வருகிறது. நெல்லும் தென்னையும் நிற்கும் இந்த மண்ணின் அடியில், பல்லாயிரம் அடிக்கும் கீழே, பாறை எவ்வாறு அமைந்துள்ளது என்று அன்று கேட்டறிந்தார்கள். நான் அந்தக் குழுவைச் சேர்ந்தவன் அல்லன். இத்துறையில் வேறோர் இடத்தில் படங்களைச் சீர்செய்யும் பணியில் இருந்தவன். இருந்தாலும் சொந்த ஊரின் அடிப்பாறையைப் பற்றிய செய்தி என்பதால் தனி ஆசையோடு அதைப் படித்தேன்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

பூமிக்குள் ஒரு புள்ளி இருப்பதாகக் கொள்ளுங்கள். உடைந்த பாறையின் ஒரு முனை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நேர்மேலே நின்று தட்டினால் எதிரொலி விரைவில் வரும். விலகிச் செல்லச் செல்லத் தாமதமாக வரும். நின்ற இடத்தைக் கிடைக்கோட்டிலும், காலத்தைக் கீழ்நோக்கியும் குறித்தால், புள்ளி புள்ளியாகத் தெரியாது. கவிழ்ந்த வில்லாகத் தெரியும். கணிதம் படிக்கும் மாணவர்கள் இதனை அதிபரவளையம் என்பர். பூமி முழுதும் இத்தகைய புள்ளிகளால் ஆனதென்று எண்ணி, ஒவ்வொரு வில்லையும் அதன் உச்சிக்குத் திரும்பச் சுருக்கினால் படம் தெளிவடையும். இச்சுருக்கும் வேலைக்கு இடப்பெயர்த்தல் என்று பெயர். அலைச் சமன்பாட்டைக் கொண்டு கணிப்பொறியில் இதைச் செய்யும் வழியை 1970-களின் தொடக்கத்தில் வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் கிளேர்பவுட்.

சுருக்குவதற்கு வேகம் தெரிய வேண்டும். இளகிய படிவுகளில் அலை விநாடிக்கு 2 கிலோமீட்டர் செல்லலாம். எங்கள் ஊர்க் கருங்கல்லில் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் செல்லும். உண்மையைவிடக் குறைந்த வேகத்தை இட்டால் வில் முழுதும் சுருங்காமல், முனை தொங்கிய மீசையாக எஞ்சும். மிகுந்த வேகத்தை இட்டால் எல்லை கடந்து, மேல்நோக்கி வளைந்த புன்னகையாகும். சரியான வேகத்தில் மட்டும் புள்ளி புள்ளியாகும். புகைப்படக்காரர் வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தி உருவம் தெளிவுறும் இடத்தில் நிறுத்துவதைப்போல, நாங்களும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, படம் எங்கே மிகக் கூர்மையாகிறதோ அந்த வேகமே பூமியின் வேகம் என்று முடிவு செய்வோம். குவிவை அளந்து வேகத்தைக் காண்பது என்பது இதுதான்.

கேட்பதற்கு அழகான முறை. நானும் அதை நம்பினேன். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு படத்தின் நடுவே அழுத்தமான வில் ஒன்று கிடந்தது. வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். வில் சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு நிலையில் ஊசிமுனைபோன்ற புள்ளியாயிற்று. கூர்மையை அளக்கும் எண்ணும் அங்கேதான் உச்சத்தில் நின்றது. மகிழ்ச்சியோடு அந்த வேகத்தைக் குறித்து, படத்தை மூத்த அலுவலர் ஒருவர் மேசையில் வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். "தம்பி, இங்கே ஒரு மேடு இருந்திருந்தால் அது எங்கே போயிற்று?" என்றார். எனக்கு விளங்கவில்லை. "பூமியில் உள்ளது புள்ளிதான் என்று உமக்கு யார் சொன்னது?" என்று மறுபடியும் கேட்டார்.

அன்று அவர் தாளில் போட்டுக் காட்டிய கணக்கை, எண்களை எளிதாக்கி உங்களுக்கும் சொல்லுகிறேன். உச்சி 2000 மீட்டர் ஆழத்தில் உள்ள ஒரு மேடு. அதன் வளைவின் ஆரம் 500 மீட்டர். மேலே உள்ள பாறையில் அலையின் வேகம் விநாடிக்கு 2500 மீட்டர். உச்சிக்கு நேர்மேலே எதிரொலி 1.6 விநாடியில் வரும். இருபுறமும் விலகினால், புள்ளி தருவதைப் போன்றே கவிழ்ந்த வில் ஒன்று கிடைக்கும். ஆனால் புள்ளியின் வில்லைவிடச் சற்றே விரிந்த வில். விரிந்த வில்லைப் புள்ளியாகச் சுருக்க மிகுந்த வேகம் வேண்டும். எவ்வளவு மிகுதி? ஆரத்தை ஆழத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் காண வேண்டும். 500-ஐ 2000-ஆல் வகுத்தால் கால்; ஒன்றேகாலின் வர்க்கமூலம் 1.118. ஆக 2500-க்குப் பதிலாக 2795 மீட்டர் வேகத்தில் மேடு புள்ளியாகிவிடும். அந்த வேகத்தை நம்பி ஆழம் கண்டால் 2000 மீட்டருக்குப் பதில் 2236 மீட்டர் வரும்.

இதன் கேட்டைப் பாருங்கள். ஆழத்தில் 236 மீட்டர் பிழை என்பது ஒன்று. அதனினும் பெரியது, தேடிப் போன மேடே படத்திலிருந்து மறைந்துபோவது. கூர்மைக்கு மட்டும் மதிப்பெண் அளிக்கும் அளவுகோல், வளைவை அழித்துப் புள்ளியாக்கும் வேகத்துக்கே முதல் பரிசு கொடுக்கும். முகம் கோணலாகத் தெரிகிறதே என்று கண்ணாடியை வளைத்து வளைத்து, முகத்தையே மறைத்துவிட்டவன் கதையாயிற்று என் கதை. ஓர் ஆழ்கிணற்றுக்குக் கோடிக்கணக்கில் பணம் செலவாகும் துறையில், இது ஏட்டுப் பிழை அன்று.

பள்ளத்திலும் இதே இடர் எதிர்த்திசையில் நேரும். கிண்ணம்போலக் குழிந்த பாறை, குழியாடியைப்போல அலையைக் குவிக்கும். குழிவு மென்மையாக இருந்தால், நாம் காணும் வேகம் உண்மையிலும் குறைந்து வரும். குழிவின் மையம் நிலத்துக்குக் கீழேயே அமையும்படி அது ஆழ்ந்திருந்தாலோ, இடப்பெயர்க்காத படத்தில் கழுத்துப்பட்டை முடிச்சுப்போல இரண்டு கைகள் குறுக்கிட்டு, அவற்றின் அடியில் பொய்யான மேடு ஒன்று தோன்றும்.

எனில், வழி என்ன? பூமிக்குள் தச்சன் இழைத்த நிலை இல்லை. எந்தப் பாறையையும் நேரானது என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்ள இயலாது. புள்ளி என்றும் எடுத்துக்கொள்ள இயலாது. ஆகவே வளைவையும் தெரியாத எண்களுள் ஒன்றாக வைத்து, வேகத்தோடு சேர்த்தே தேட வேண்டும். ஸ்டான்போர்டில் கிளேர்பவுட் வழிவந்த குழுவைச் சேர்ந்த பியோண்டோ பியோண்டி என்பவர் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தத் திருத்தத்தை முறைப்படுத்தி எழுதினார்.

அதன் உட்கருத்தை ஒரு தாளும் அடிக்கோலும் கொண்டு அறியலாம். படத்தில் சேரும் அலைகளை, சாய்வின் அளவுப்படி தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு சாய்ந்த கோடு. பாறை ஒரு புள்ளியானால், சரியான வேகத்தில் எல்லாக் கோடுகளும் அப்புள்ளியின் வழியே செல்லும். பாறை வளைந்ததானால், அவை வளைவைத் தொட்டுச் செல்லும் தொடுகோடுகளாகும். ஒவ்வொன்றும் வெவ்வேறிடத்தில் தொடும். உச்சியின் நேர்கோட்டில் நின்று பார்த்தால், சாய்வு மிகுந்த கோடு உச்சிக்கு மேலாகக் கடந்து செல்லும். 500 மீட்டர் ஆரத்தில், 20 பாகை சாய்ந்த தொடுகோடு உச்சிக்கு மேலே 32 மீட்டரில் கடக்கிறது. கோடுகள் ஒரே இடத்தில் கூடாமையைக் கண்டு, வேகம் தவறு என்று நாம் பழிக்கிறோம். வேகமோ சரியாகவே இருக்கிறது!

திருத்தம் இதுதான்: ஓர் ஆரத்தை ஊகித்து, அந்த ஆரத்துக்கு ஏற்ற அளவு ஒவ்வொரு கோட்டையும் இறக்கிவிட்டு, பிறகு அவை கூடுகின்றனவா என்று பார்ப்பது. ஆரம் பூஜ்யமானால் திருத்தமே இல்லை, அது புள்ளி. ஆரம் எல்லையின்றிப் பெருகினால் அது சமதளம். அதில் ஒரே சாய்வுதான் உண்டு, ஒப்பிட்டு நோக்க வேறு கோடு இல்லை. மெய்யான பூமியின் பெரும்பகுதி இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கிறது. வேகங்களை ஒருபுறமும் ஆரங்களை மறுபுறமுமாகக் கட்டம் வரைந்து, எந்தக் கட்டத்தில் கோடுகள் மிக ஒற்றுமையாகக் கூடுகின்றன என்று தேடினால், படத்தின் தெளிவுக்கு உரியது எது, பாறையின் வடிவுக்கு உரியது எது என்று பிரியும்.

இதை மந்திரம் என்று எண்ணிவிட வேண்டா. முன் சொன்ன மேட்டையும், அதைப்போல நடிக்கும் 2236 மீட்டர் ஆழத்துப் புள்ளியையும் ஒப்பிட்டு நானே கணக்கிட்டுப் பார்த்திருக்கிறேன். உச்சியிலிருந்து 1 கிலோமீட்டர் விலகும்வரை இரண்டு வில்களுக்கும் உள்ள வேற்றுமை ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு விநாடிகூட இல்லை. ஆயிரத்தில் இரண்டு பங்கு விநாடிக்கு ஒருமுறை குறிக்கும் பதிவுக் கருவிக்கு அது பெரும்பாலும் தென்படாது. 2 கிலோமீட்டரில் வேற்றுமை ஆயிரத்தில் 15 பங்கு. 3 கிலோமீட்டரில் 47 பங்கு. ஆக, அகன்ற வில் கிடைத்தால் பிரித்தறிவது எளிது. ஆனால் மேட்டின் சரிவு 20 பாகைக்கு மேல் இல்லையென்றால், உச்சியிலிருந்து 900 மீட்டருக்கு அப்பால் அது எதிரொலியே அனுப்பாது. அப்போது கட்டத்தில் ஒரு சிகரம் தோன்றாது. வேகம் ஏற ஏற ஆரமும் ஏறும் நீண்ட முகடு ஒன்றுதான் தோன்றும். முகட்டின் எந்த இடம் உண்மை என்று அந்தப் படம் மட்டும் சொல்லாது. (வில்லின் கைகள் எங்கே அறுந்து நிற்கின்றன என்பதைக் கவனிப்பவர்களுக்குச் சிறு துப்பு உண்டு. புள்ளி எல்லாத் திசையிலும் அலையைச் சிதறும். அதன் கை மெல்ல மங்கும். மேட்டின் கையோ சரிவு முடிந்த இடத்தோடு நின்றுவிடும்.)

அங்கே உதவிக்கு வருவது வேறொரு வகை அளவு. தட்டுகிற இடத்தையும் கேட்கிற இடத்தையும், நடுப்புள்ளி மாறாமல், விலக்கிக்கொண்டே போவது. இவ்வாறு விலக்கும்போது எதிரொலி தாமதிக்கும் அளவு, சிறு விலகல்களில், வேகத்தைப் பொறுத்ததேயன்றிப் பாறையின் வளைவைப் பொறுத்தது அன்று. என் மூத்த அலுவலர் எனக்குக் கற்பித்த பரிகாரமும் இதுவே. விலகிய பதிவுகளை எடுத்து அளந்தோம். வேகம் 2500-ஐ ஒட்டி நின்றது. அந்த வேகத்தை வைத்துக்கொண்டு ஆரத்தைத் தேடினோம். 500-க்கு அருகே கோடுகள் கூடின. நான் ஊசிமுனையாக்கிய இடத்தில் மேடு திரும்ப வந்தது. முந்திய படத்தைவிட அது பார்வைக்குச் சற்று மழுங்கலானது என்பதை மறைப்பதற்கில்லை.

எங்கள் தென்கோடியின் ஆழத்தில் இந்த உதவியும் மெலிந்துவிடுகிறது. பூமியின் மேலோடு முடியும் எல்லை நம் பக்கத்தில் சுமார் 40 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. அலை அங்கே சென்று மீள 12 விநாடிக்கு மேல் ஆகும். தட்டும் இடமும் கேட்கும் இடமும் 6 கிலோமீட்டர் விலகி நின்றாலும் தாமதம் ஆயிரத்தில் 35 பங்கு விநாடியே. வேகத்தில் நூற்றுக்கு ஐந்து பிழை இருந்தால், அத்தாமதம் மாறுவது ஆயிரத்தில் மூன்று அல்லது நான்கு பங்கு. அதனாலேயே வத்தலக்குண்டு, கன்னியாகுமரிக் கோட்டில் எதிரொலியோடு நில்லாமல், நெடுந்தூரம் பாறைக்குள் விலகிச் செல்லும் அலைகளையும் கேட்டார்கள். முதன்மை அலை, குறுக்கலை இரண்டையும் கொண்டு மேல்பகுதிப் பாறையின் வேகத்தை வரைந்த படம் 2006-இல் வெளிவந்தது.

கருங்கல் நாட்டில் எதிரொலிக்கும் தளங்கள் தஞ்சைப் படிவுகளைப்போல நீண்டு தொடர்வதில்லை. துண்டுதுண்டாக, சாய்ந்து, மடிந்து கிடக்கும். ஒவ்வொரு துண்டும் புள்ளியா, வளைவா, சிறு சமதளமா என்ற கேள்வி அங்கே மைலுக்கு நூறுமுறை எழும். உங்களுள் கணிதத்தில் விருப்பமுள்ளவர்கள் ஒரு வரைதாளை எடுத்து, நான் சொன்ன 2000, 500, 2500 என்ற மூன்று எண்களையும் கொண்டு இரண்டு வில்களையும் வரைந்து பாருங்கள். முதல் ஒரு கிலோமீட்டர்வரை உங்கள் பென்சில் முனையின் தடிப்புக்குள் இரண்டும் ஒன்றாகவே ஓடும்.